அரைச் சுற்று

புளியரை செக்போஸ்ட். வைக்கோல் லாரி வரிசை.
என் மடியில் டாங்கி.
இடதுபக்கம் ஒடித்தால் போதும்,
செயினைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கும்.

நேற்று இறுக்கிப் பார்த்தேன்:
மோட்டார் முனகி, கேபினெல்லாம் பிளாஸ்டிக் வாடை.
தளர்த்தினேன்:
பல்சக்கரம் சும்மா சுற்றியது.

இன்று ஒரு கண்ணியைக் கழற்றி,
பின்சக்கரத் திருகை அரைச் சுற்று முடுக்கி,
மேலே விரல் வைத்தேன். காசு கனத்துக்குத் தொய்வு.
"தார்ப்பாய்க் கயிறு இப்படித் தொங்கினா
கோட்டைவாசல் தாண்டுமா?" என்றான் மாடக்கண்ணு.
"இது கட்டுறதுக்கில்லடே, ஓடுறதுக்கு."

தடுப்புக் கம்பிக்கு அடியில் விட்டேன்.
பெர்மிட் காட்டாமல் போனது.
அந்தப் பக்கம் மட்டும் தூறல்.
ஏட்டு காலைத் தூக்கிக்கொண்டார்.
இடது. மறுபடி இடது.
கழலவில்லை.

திரும்பி வா என்று அழுத்துகிறேன்,
ரிமோட் எட்டவில்லை.