லாம்

சென்னையிலிருந்து வந்த மசோதா
நாற்பத்தாறு பக்கம்.
பின் குத்திய மூலையில் துரு.
நான் மாமன்றக் கூட்டத்துக்குத் தட்டச்சு செய்பவள்.
இருபத்திரண்டு வருடமாக
மேசையைத் தட்டும் சத்தத்தைப்
'பலத்த வரவேற்பு' என்று எழுதியவள்.
எனக்குச் சட்டம் தெரியாது.
வினைமுற்று தெரியும்.

பழைய சட்டத்தில்
குடிநீர்க் கட்டணத்தை மாமன்றம் நிர்ணயிக்கும்.
புதியதில்
மாமன்றம் தன் கருத்தைத் தெரிவிக்கலாம்.
வாய்க்காலைத் தூர்வார ஆணையிடும் என்றிருந்தது
கோரலாம் என்று ஆகியிருக்கிறது.
பதினேழு 'உம்' போய்ப்
பதினேழு 'லாம்' வந்திருக்கின்றன.
டிபன்பாக்ஸைத் திறக்காமல்
இரண்டு தடவை எண்ணினேன்.

செல்லூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒச்சம்மாள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
'இதுல எங்க தெரு எங்கன இருக்கு?'
தேடினேன்.
'உள்ளாட்சிப் பரப்பு' என்றொரு சொல் இருந்தது.
அதற்குள் எங்கேயோ
பந்தல்குடி வாய்க்கால் நாறும்.
கோழிக்கடை இறகு மிதக்கும்.
தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின இரவே
குடங்கள் வரிசையில் நிற்கும்.
இந்த 'உம்'களை
யாரும் திருத்துவதாக இல்லை.

மாமன்றம் ஒன்றும் கோயில் இல்லை.
எந்தச் சாலைக்கு எத்தனை சதவீதம் என்று
தேநீர் கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.
குறிப்பேட்டில் அது ஏறாது, அவ்வளவுதான்.
மசோதாவின் முகவுரை
அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறது:
'நிர்வாகச் சீர்மை கருதி.'
பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் போன சித்திரையில்
ஒச்சம்மாளின் ஸ்கூட்டியை
நாற்பது பெண்கள் மறித்தார்கள்.
சாவியை ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள்.
வெயிலில் நின்றபடியே அவர்
வால்வு திறக்கும் சோணைமுத்துவுக்குப் போன் போட்டார்.
முக்கால் மணி நேரத்தில் குழாய் இருமியது.
அன்று அவர் பயந்தது
எந்தப் பிரிவுக்கும் அல்ல,
தறிக்காரர் பொண்டாட்டி சுந்தரவள்ளியின் நாக்குக்கு.
நாளைக்கு வாரியம் வந்தால்
சுந்தரவள்ளி எந்த ஸ்கூட்டியை மறிப்பாள்?
ஒரு பத்து இலக்க எண் தருவார்கள்.
தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
எதிர்க்கட்சி எழுந்து வெளிநடந்தது.
வராந்தாவில் காமிராக்காரர்கள் கிளம்பியதும்
திரும்பி வந்து கையெழுத்துப் போட்டது.
ஒச்சம்மாள் ஆளுங்கட்சி.
அவர் எழுந்ததும்
மைக் செத்தது.
செத்த மைக்கில் பேசினார்:

'நம்ம மசோதாதான், நான் இல்லைங்கல.
தண்ணி வரலைன்னா
சென்னைக்குப் போயா கதவத் தட்டுவாய்ங்க?
என் கதவு பக்கத்துல இருக்கு.
நேத்துத்தான் தாழ்ப்பா மாத்துனேன்.'

யாரோ சிரித்தார்கள்.
'குறிப்பில் ஏற்ற வேண்டாம்' என்று
மேலிருந்து உத்தரவு வந்தது.
'உறுப்பினர் ஒச்சம்மாள் பேசினார்' என்று மட்டும் அடித்தேன்.
பிறகு, யாரும் பார்க்காதபோது,
'தாழ்ப்பாள் குறித்து' என்று சேர்த்தேன்.

கடைசியில் தீர்மானம்:
மசோதா பற்றி மாமன்றம்
தேவைப்படின் கருத்துத் தெரிவிக்கலாம்
என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.
அங்கே சட்டசபையில்
இன்னும் ஒரு கைகூட உயரவில்லை.
இங்கே அதற்குள்
'லாம்' பழகிவிட்டது.

வீட்டுக்குப் போகையில் ஐம்பதடி ரோட்டில்
சோணைமுத்து குழிக்குள் தலையைவிட்டு
நீளச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.
இனிமேல் யார் சொன்னால் திறப்பீங்க, என்று கேட்டேன்.
கழுத்தைத் துடைத்தார்.
'மணி ஆறாச்சுல்ல' என்றார்.

தெருக்கோடியில் முதல் குழாயில்
காற்று வந்தது.
குடத்தைப் பிடித்திருந்தவள்
எடுக்கவில்லை.