ஆடு லாரியைவிடப் பெரியது

பகலில் நான் எடுப்பவை
மோதிய வண்டிகளின் படங்கள்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு ஒன்று.
மாட்டுத்தாவணிக்குப் பின்னால் அந்த ஷெட்டில்
வெயிலுக்குத் தகரம் முனகும்.
படத்தில் என் நிழல் விழக் கூடாது,
அது கம்பெனி விதி.

இரவில் எடுப்பவற்றுக்கு விதி கிடையாது.

விளக்குத்தூண் பக்கம் பிளாட்பாரத்தில்
பை நூறு ரூபாய் என்று அள்ளிவந்தது:
மூன்று சக்கரம் மிஞ்சிய மஞ்சள் லாரி,
சாவி கொடுத்தால் பின்னோக்கி மட்டும் போகும் பஸ்,
துப்பாக்கி ஒடிந்த பச்சைச் சிப்பாய்
(எங்கள் ஏட்டையா அவர்தான்),
ஏதோ பண்ணை செட்டிலிருந்து தப்பிவந்த வெள்ளாடு.
எதன் அளவும் எதற்கும் ஒட்டவில்லை.
லாரியைவிட ஆடு
ஒரு விரற்கடை உயரம்.

சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி நடந்த விபத்து அது.
ஆடு குறுக்கே வந்தது என்கிறார் டிரைவர் மொக்கராசு,
ராஜாஜி ஆஸ்பத்திரிக் கட்டிலில்
ஒரு காலோடு படுத்துக்கொண்டு.
ஆடாவது மாடாவது, தூங்கிட்டான் என்கிறார்
பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்.
எங்க ஆடு கட்டுத்தறியிலல்ல நின்னுச்சு என்ற செவத்தியம்மா
நஷ்டஈடு உண்டென்று யாரோ சொன்னதும்
ரெண்டு ஆடு என்றார்.

சாப்பாட்டு மேசையில் கறுப்பு சார்ட்டை விரித்து
சாக்பீசால் நடுக்கோடு போட்டேன்.
ஆட்டோடு ஒரு படம்.
ஆடில்லாமல் ஒரு படம்.
இரண்டாவது ஆட்டுக்கு
எலுமிச்சம்பழத்தில் நாலு குச்சி செருகினேன்.
"ரோட்டை எடுங்க, தட்டு வைக்கணும்"
என்றாள் ரெஜினா.
பிறகு அவளே டார்ச்சை வாங்கி
நிலாவைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தினாள்.
"லாரியில வேற யாரும் இருந்தாங்களா?"
"கிளீனர்."
"அவனுக்கு?"
ரசம் ஆறிவிட்டது.

தவசி, வயது பத்தொன்பது.
என் படிவத்தில்
டயருக்கு ஒரு கட்டம் உண்டு,
ஹெட்லைட்டுக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியலில்
எல்லாரையும் டிபன் பையில் போட்டு
ஒத்தக்கடைக் கண்மாய்க் கரைக்குப் போனேன்.
வயிறு மண்ணில் படக் குப்புறப் படுத்தால்
மூன்று சக்கர லாரி நிஜ லாரி ஆகிறது.
அதன் பின்னே ஆனைமலை
தும்பிக்கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறது,
டோல் கட்ட வரிசையில் நிற்பதுபோல.

"என்ன சார் தொலைச்சிட்டீங்க?"
டீக்கடை ஜெய்லானி.
சொன்னேன்.
அவரும் குந்தினார்.
கேட்காமலே பீடியை இழுத்து
லாரிக்குப் பின்னால் புகையாக ஊதினார்.
இன்னொரு ஊது,
பனிமூட்டம்.

"அது சரி, ஆடு ஏன் இம்புட்டுப் பெருசு?"
"கிடைச்சது அப்படி."
ஆட்டையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.
"பெருசா இருந்தாத்தான சார் நிப்பாட்டுவான்."

நிறுத்தினோம்.
கோட்டுக்கு ஒரு சாண் முன்பே லாரி நிற்கிறது.
ஆடு நடுரோட்டில் அசைபோடுகிறது,
அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.
ஏட்டையா துப்பாக்கி இல்லாத கையை உயர்த்தி
பின்னோக்கி வரும் பஸ்ஸைத் தடுக்கிறார்.
கிளீனருக்குத்தான் பொம்மை இல்லை.
ஜெய்லானி பெட்டியைத் திறந்து
ஒரு தீக்குச்சி கொடுத்தார்.
இடதுபக்க டயர் ஓரம் நட்டுவைத்தேன்.
சிவப்புத் துண்டைத் தலையில் சுற்றி
இறங்கி நிற்கிறான் தவசி,
காற்று இருக்கிறதா என்று
டயரைத் தட்டிப் பார்க்க.

வெயில் ஏறியது.
என் தலையின் நிழல் ரோட்டில் விழுந்தது.
விழட்டும் என்று எடுத்தேன்.

திங்கட்கிழமை ஃபைலில் போக வேண்டியவை
வேறு படங்கள்.

எழுந்து மண்ணைத் தட்டும்போது
ஜெய்லானி கை நீட்டினார்.
"அந்தக் குச்சியக் குடுங்க சார்,
பெட்டியில வேற இல்ல, அடுப்பு பத்த வைக்கணும்."

புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன்.