பிரமாணிக்கம்

கல்யாணப் பூசையில்
'பிரமாணிக்கமாயிருப்பேன்' என்பதை விழுங்கி
'மாணிக்கமாயிருப்பேன்' என்றார் பெர்க்மான்ஸ்.
பெண்கள் பக்கம் சிரித்து ஓய
அரை நிமிஷம் ஆனது.

அதற்கு முந்தின மாதம் வகுப்பு.
சிஸ்டர் ரெஜினால் ஒரு நோட்டும்
மூன்று நிறத்தில் ஒட்டுத்தாளும் தந்தார்கள்.
சிவப்பு, விலக்கு நாளுக்கு.
பச்சை, காய்ந்த நாளுக்கு.
வெள்ளையில் ஒரு குழந்தைப் படம்:
ஈரம் கண்டால் அதை ஒட்டணும்.
உடம்பு பொய் சொல்லக் கூடாது என்றார்கள்.
அதற்குத்தானே மெய் என்று பேர்,
நினைத்தேன், சொல்லவில்லை.

கருங்கண்ணிக்கு வெண்ணாற்றுத் தண்ணீர்
கிளை பிரிந்து கிளை பிரிந்து
மெலிந்துதான் வரும்.
ஆறு நாள் வரும், ஆறு நாள் அடைப்பு.
முறைக்குக் காத்திருக்கத் தெரிந்த மனுஷர்
பதிமூன்று வருஷம் அந்த நோட்டைப்
பயிர் பார்ப்பதுபோல் பார்த்தார்.
வெள்ளை ஒட்டிய ராத்திரி
பாயைச் சுருட்டிக்கொண்டு களத்துக்குப் போவார்.
கோபத்தோடு போனதும் உண்டு.
'சாமியாருக்கென்ன, தனிக்கட்டை' என்று
படலை அறைந்து சாத்தினார் ஒருமுறை,
நாய் எழுந்து குரைத்தது.

ஒரே ஒரு வெள்ளை நாளில் போகவில்லை.
அவள் பேர் ஜெசிந்தா, ஆறாவது படிக்கிறாள்.

மாசியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்,
நாகப்பட்டினத்தில். கட்டி, தேங்காய் அளவு.
பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன்.
நோய்க்குச் செய்தது பாவமில்லை என்றார் சாமி, சட்டென்று.
இனி எந்த முறைக்கும் தண்ணீர் ஏறாத வயல் நான்,
எங்களுக்குள் நடப்பதற்கு என்ன பேர், என்றேன்.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.
'அப்போதும் அது கல்யாணம்தான், மகளே'
என்று வந்தது, தயங்கி.

தையல் ஆறி, நானே சொன்னேன்:
இனி எல்லா நாளும் பச்சைதான்.
அவர் பாயைச் சுருட்டினார், பழக்கத்தில்.
வாசல்வரை போய் நின்று
'வலிக்குமா?' என்றார்.
கொஞ்சம், என்றேன்.
பாயை என் பக்கத்தில் விரித்து
கையை மட்டும் பிடித்தபடி தூங்கிப்போனார்.
குறட்டை.

போன ஞாயிறு, எழுந்தேற்றம்.
'உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்' என்றபோது
ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.
பூசையில் திரும்புகிற ஆளில்லை.
எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள்.
நானும் குனிந்திருக்க வேண்டும்.