எதிர்மனுதாரர்கள்

ஈரோட்டில் திங்கட்கிழமை
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று
பையைத் துழாவித்தான் உள்ளே விடுவார்கள்.
அவர் பையில் இருந்தது
ஒரு டிபன் டப்பா,
ஓரம் கிழிந்த டிஸ்சார்ஜ் புத்தகம்,
காது உடைந்து நூல் கட்டிய கண்ணாடி.

எதிர்ப்புறம் புங்கமரத்தடியில்
மனு எழுதுகிறவன் நான். மனுவுக்கு நாற்பது ரூபாய்.
பட்டா, வண்டிப்பாதை, முதியோர் பணம்,
சாயத்தண்ணி கிணற்றில் இறங்கியது,
எதுவானாலும் முதல் நாலு வரியைக்
கை தானாக எழுதிவிடும்.

"பேருங்க?"
"செங்காளியப்பன். அறச்சலூருங்க.
பட்டாளத்துல லான்ஸ் நாயக்கா இருந்தனுங்க."
"பென்ஷன் பாக்கிங்களா?"
"அது ஒண்ணாந்தேதியானா வந்துருதுங்க.
அந்தச் சண்டைக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு
கேக்கோணுங்க."

பேனாவை மூடினேன். திறந்தேன்.

எங்கள் ஊர் சொசைட்டியில்
பதினாலு மூட்டை யூரியா குறைந்ததற்கு
செகரட்டரியை நடு ஊரில் நிறுத்திக்
கணக்குக் கேட்டார்கள்.
வேலை போயிற்று. மகளுக்கு வந்த சம்பந்தமும் போயிற்று.
இவர் கேட்டதும் கணக்குத்தான்:
கப்பல் ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை,
அங்கே கிணற்றடியில் விழுந்தவர்கள்
யாருடைய பேரேட்டில் இருக்கிறார்கள்,
வேண்டாம் என்று தெரிந்தும்
வாயை மூடிக்கொண்டிருந்தவர் யார்.

"அமைதிப் படைன்னு பேருங்க" என்றார்.
பிறகு வெகுநேரம்
மஞ்சள் மூட்டை ஏற்றிப் போன லாரியையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்மனுதாரர் யார் என்றேன்.
மந்திரி, தளபதி என்று அடுக்குவார் என நினைத்தேன்.
"ஒண்ணாவதா என்ற பேர எழுதுங்க."
"மனுக் குடுக்கறதும் நீங்க, எதிராளியும் நீங்களா?
தள்ளுபடி பண்ணிருவாங்க."
"பண்ணட்டுங்க. எழுதுங்க."

எண்பத்தெட்டு, தை மாசம். பனங்கூடலுக்குள் ஒரு வீடு.
கதவைத் திறந்தவள் கையில்
அரிசி களைந்த தண்ணீர்.
"ஏய், வெளிய வா. மண்டி போடு."
அவள் மண்டியிடவில்லை.
"தம்பி, நீங்கள் தமிழோ?" என்றாளாம்.

"சோத்துக்கு நிக்கற ஆளையும் உக்காருங்கம்போம்.
பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் ஒரு 'ங்க' உண்டு நம்மூர்ல.
அன்னைக்கு அது என்ற வாயில வல்லீங்க."

அவள் மகன் மாட்டுக் கொட்டிலில் இருந்திருக்கிறான்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
நான் அரைப் பக்கம் வெற்றிடம் விட்டேன்.

இரண்டாவது, கேப்டன். பெயர் தெரியும்.
மூன்றாவது, கர்னல். முதலெழுத்து மட்டும்.
நாலாவதிலிருந்து பதவிதான், ஆள் இல்லை.
இன்னும் மேலே போனால் பதவியும் இல்லை:
"முடிவெடுக்கப்பட்டது."
இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன்,
அந்தப் "பட்டது" எனக்குத் தெரியும்.
அதன் பின்னால் எப்போதும்
ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

"கோரிக்கை என்னங்க?"

"போன மானம்
கொடியத் தூக்கிப் புடிச்சா வந்துருமுங்களா?
கையெழுத்துப் போட்டவிய,
உசுரோட இருக்கறவிய,
அந்த வாசலுக்குப் போகோணுங்க.
செருப்பக் கழட்டிப்போட்டு
'தப்பு எங்களுதுங்க'ன்னு சொல்லோணும்.
அந்த 'ங்க'வ முழுங்காமச் சொல்லோணும்.
நானும் வர்றனுங்க. பின்னால நின்னுக்கறேன்.
நம்ம நாட்டுக்காரன்னு சொன்னா
நாலு பேரு ஏறிட்டுப் பார்ப்பாங்கல்லொ,
அது அப்பறம்தானுங்க."

உள்ளே கம்ப்யூட்டர்ப் பெண்
எந்தத் துறை என்று தேடினாளாம்.
வருவாய் இருந்தது, மின்வாரியம் இருந்தது,
கால்நடை இருந்தது. போர் இல்லை.
"இதர" என்று தட்டி ரசீது கொடுத்தாள்.

நாற்பது ரூபாயை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் அது தர்மக் கணக்கில் போய்விடும்.

ஆறு திங்கள் கழித்து வந்தார்.
அதே பை, அதே டப்பா, கையில் ஒரு கடுதாசி:
"தங்கள் மனு உரிய அலுவலருக்கு
அனுப்பப்பட்டது."

வெயிலில் வந்த வியர்வையைத் துண்டால் துடைத்தார்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அனுப்புனது யாருன்னு
இன்னொரு மனு எழுதுங்க."