பத்து கிலோவுக்கு ஒன்று

தல்லாகுளம் டாக்டரம்மா கணக்கு அது.
செல்லூர் பழைய இரும்புக்கடைத் தராசில்
கருவாயனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
எழுபத்தொன்று.
இறக்கிவிட்டு நான் மட்டும்: ஐம்பத்தெட்டு.
"திங்கிறதெல்லாம் எங்கய்யா போகுது,
உனக்கும் ஒண்ணு போடு" என்றார்
கடைக்கார சிக்கந்தர்.

நாய்க்கு ஒன்றரை.
மசாலா இல்லாமல் வேகவைத்த சுவரொட்டியில்
பொதித்து வைத்தேன்.
கறி உள்ளே போனது.
மாத்திரையை மட்டும் நக்கித் துடைத்து
என் செருப்பின்மேல் வைத்தான்,
மீதிச் சில்லறை மாதிரி.

போன மாசம்
கார்ப்பரேஷன் ஆளைக் கடித்த வாய்.
கோரைப்பல்லுக்குப் பின்னால் கட்டைவிரல் கொடுத்துத் திறந்து
அடிநாக்கில் வைத்து மூடி
தொண்டையைத் தடவினேன்.
கடிக்கவில்லை.
பார்த்தான்.
சீட்டுப் பணம் குறைந்த அன்று
ஒன்றும் கேட்காமல் செண்பகவடிவு
பார்த்தாளே, அப்படி.

மறுநாள் வைகை மணலில்
வெந்த சேமியாவாய் ஏழெட்டு.
ஒன்று நெளிந்தது.
குழி தோண்டி மூடிவிட்டு வந்து
தாள் காலண்டரில்
மூன்று மாசம் தள்ளி ஒரு தாளை மடித்தேன்.

ராத்திரி
அயிரைக் குழம்புச் சோற்றில்
ஒரு கவளம் மட்டும் கசந்தது.
நிமிர்ந்தால்
செண்பகவடிவு
என் தொண்டையையே
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.