கறுப்புக் கவர்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
தார்ப்பாய் மேல் பள்ளிப் பைகள் குவிந்து கிடந்தன.
ரெமி தோள்வரை கையை விட்டுத் துழாவி
ஒன்றை உருவினான்:
போன வாரப் படத்தின் அந்தப் பெண்.
மூக்குக்கண்ணாடி, முன்பல் ஒன்று இல்லை,
சுக்கானைத் தப்புப் பக்கம் திருப்பிக்
கப்பலைப் பாறையில் ஏற்றியவள்.

"அது பொம்பளப் புள்ள பை, தம்பி."
கடைக்காரர் கெட்டவர் இல்லை.
நீலத்தில் ஒரு புலியைத் தேடி நீட்டினார்.
"இவளுக்கும் என்ன மாதிரி
லெஃப்ட் ரைட் குழம்பும்" என்றான் ரெமி.

ஒன்பது வயதில்
முத்தியால்பேட்டைத் தியேட்டரிலிருந்து
நான் கதாநாயகனாகத்தான் வீடு திரும்பினேன்,
வழியெல்லாம் காற்றை உதைத்துக்கொண்டு.
அது ஆம்பளப் புள்ள உதை என்று
ஒருவரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மட்டும்
வேறு யாராக வருவது?
அந்தப் படத்தில் இருந்தவள்
காபி டம்ளரோடு கதவுவரை வந்தாள்,
கடத்தப்பட்டாள்,
கடைசி ரீலில் அழகாக அழுதாள்.
எனக்கு அழகாக அழ வராது. மூக்கு ஒழுகும்.

நூற்றெண்பதை நூற்றிருபதுக்குப் பேசி முடித்தேன்.
அவர் பையைக் கறுப்புக் கவரில் திணித்து
இறுக்கி முடிச்சுப் போட்டார்,
மருந்துக்கடையில் நாப்கினுக்குத் தருவார்களே,
அதே கவர்.

அஜந்தா சிக்னலுக்குள்
ரெமி முடிச்சைப் பல்லால் பிய்த்துவிட்டான்.
மாட்டிக்கொண்டு முன்னால் ஓடி
திரும்ப வேண்டிய இடத்தில்
தப்புப் பக்கம் திரும்பினான்.
கூப்பிட வாயெடுத்தேன்.
போகட்டும்,
அந்தப் பக்கமும் கடல்தான்.