தேசூ – லே: இரண்டரை மணி

தேசூவிலிருந்து லேவுக்கு மாற்றல் என்கிறான் மாதேசன்.
இரண்டு ஊரும் நான் பார்த்ததில்லை;
போனில் தட்டினேன்.
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பறந்தால் இரண்டரை மணி.
கீழே பொடி எழுத்தில்:
நேரடி விமானம் இல்லை.

அஞ்செட்டி போகும் கடைசி பஸ்
காட்டு வளைவில் நின்றுவிட்டது.
விளக்கை அணைக்கச் சொல்லி
"யாரும் சத்தம் போடாதீங்க" என்றார்
கண்டக்டர் முனிரத்தினம்.
ரோட்டில் யானைகள்.
ஏழு என்றார் ஒருவர்,
பதினொன்று என்றாள்
காலிடுக்கில் தக்காளிக் கூடை வைத்திருந்தவள்.

என் ஸ்டாப்புக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்,
நேரடி பஸ்.

திரை வெளிச்சத்தை முந்தானைக்குள் மறைத்து
இல்லாத அந்த விமானத்தில் அவனை ஏற்றினேன்.
எட்டேகாலுக்குப் புறப்பாடு.
சன்னலோர சீட்டே கொடுத்தேன், காசா பணமா.
ஒன்பதரைக்கு
பெயர் தெரியாத பனிமலை ஒன்றின் மேல்
அவனுக்குக் காது அடைத்தது.

பத்தே முக்காலுக்கு இறங்கி
அவன் பெட்டிக்காகக் காத்திருந்தபோது
கடைசிக் குட்டி
எங்கள் முன் டயரை முகர்ந்து பார்த்தது.
பிடிக்கவில்லை போல,
தாய் போன பக்கம் ஓடியது.

நிஜத்தில் அவன்
தின்சுகியா ஸ்டேஷனில்
டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான்.
போய்ச் சேர ஆறு நாளாகுமாம்.

டிரைவர் சாவியைத் திருப்பினார்.
வண்டி இருமியது,
கிளம்பவில்லை.